முதல் மெட்டல் டிடெக்டர்: 600 பவுண்டை எதில் போடலாம்?

சஃபோக்வாசி

வணக்கம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் பக்கம் குடிவந்து நாலு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் ஒரு பெரியவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, தரையை மெழுகுவது போல ஒரு வட்டத் தட்டை ஆட்டியபடி நடப்பார். போன வாரம் பேச்சுக் கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, அதிலிருந்த வெள்ளிக் காசை என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, காகிதம் போல மெலிசு. முதலாம் எட்வர்ட் காலத்துப் பென்னியாம். எழுநூறு வருடத்துக்கு முன் யாரோ கைதவறிப் போட்டதை நான் கையில் வைத்திருந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

கையில் 600 பவுண்டு இருக்கிறது. மைன்லேப் ஈக்வினாக்ஸா, நோக்டா லெஜண்டா, கேரட் ஏஸா? யூடியூபில் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லிக் குழப்புகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையசெம்பு

கென்ட்டில் பதினோரு வருடமாக இந்தப் பைத்தியத்தோடு இருக்கிறேன். முதலில் ஒரு கேள்வி: எங்கே தோண்டப் போகிறீர்கள்? கருவி வாங்க ஒரு மணி நேரம் போதும். எனக்கு முதல் வயல் கிடைக்க ஏழு மாதம் ஆனது.

இந்த நாட்டில் உரிமையாளர் இல்லாத நிலம் ஒரு சாண்கூடக் கிடையாது. வயல் என்றால் விவசாயி, பூங்கா என்றால் கவுன்சில், யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும். டிடெக்டரிஸ்ட்கள் பேச்சில் ‘பெர்மிஷன்’ என்றால் வயல் என்றே பொருள். ‘எனக்கு மூணு பெர்மிஷன் இருக்கு’ என்று பெருமையடிப்பார்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதி பெறாமல் கருவியைப் பயன்படுத்தினாலே 1979-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். விவசாயி சரி என்றாலும் அங்கே செல்லாது. வரைபடத்தில் முதலில் அதைப் பாருங்கள்.

கேட்கிற முறையும் முக்கியம். மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. நேரில் போங்கள். அறுவடை நேரத்தில் போய் நிற்காதீர்கள், கடுப்பாகிவிடுவார்கள். தேசிய மெட்டல் டிடெக்டிங் கவுன்சிலில் உறுப்பினரானால் காப்பீடும் சேர்ந்து வரும், அந்த அட்டையைக் காட்டுங்கள். ‘கிடைப்பதில் ஆளுக்குப் பாதி’ என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சிரிப்பாகத் தெரியும். நாளைக்கு ஏதாவது கிடைத்தால் சிரிப்பு வராது.

இப்போது பணத்துக்கு வருவோம். 600-ஐ மொத்தமாகக் கருவியில் கொட்டாதீர்கள். பாதியில் கருவி. மீதியில் நல்ல பின்பாயிண்டர், நல்ல மண்வெட்டி, ஹெட்ஃபோன், முழங்காலுக்கு மெத்தை. பின்பாயிண்டர் என்பது குழிக்குள் விட்டுத் துழாவும் கைக்குச்சி. அது இல்லாமல் ஈரக் களிமண்ணில் ஒரு பட்டனைத் தேடிப் பாருங்கள், இருபது நிமிடம் போய்விடும். கேரட் கம்பெனியின் ஆரஞ்சு நிறப் பின்பாயிண்டரை இங்கே எல்லாரும் காய்கறிக் கேரட் என்றே கூப்பிடுவார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து, வசதி.

காயில்கணேசன்

செம்பு அண்ணன் சொன்னதில் பாதிதான் சரி. பெர்மிஷன் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கருவி எதுவானாலும் பரவாயில்லை என்கிற தொனியை ஒத்துக்கொள்ள முடியாது.

காயில் என்பது கருவியின் அடியில் இருக்கும் அந்த வட்டத் தட்டு. அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று காந்தப்புலத்தை அனுப்பும், இன்னொன்று காது கொடுத்துக் கேட்கும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும், அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் பதில் கொஞ்சம் பிந்தி வரும். எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்துத்தான் திரையில் எண்ணும் காதில் ஒலியும் வருகின்றன. இரும்பு என்றால் அடித்தொண்டையில் ஓர் உறுமல். தடித்த வெள்ளி என்றால் கீச்சென்று மேலே ஏறும்.

குறைந்த அதிர்வெண், அதாவது 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம், பெரிய வெள்ளிக் காசுகளை நன்றாகப் பிடிக்கும். 20, 40 என்று மேலே போனால் மெல்லிய வெட்டுக்காசு, சின்னத் தங்கத் துணுக்கு மாதிரியானவை தெரியும். கேரட் ஏஸ் வரிசை ஒற்றை அதிர்வெண்ணில் ஓடுவது. ஈக்வினாக்ஸ், லெஜண்ட் இரண்டும் பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்புபவை. இவருக்கு ஃபீலிக்ஸ்டோ கடற்கரை பக்கத்தில்தான். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஈரமணலில் ஒற்றை அதிர்வெண் கருவி கிளி மாதிரி ஓயாமல் கத்தும். பல அதிர்வெண் கருவி அந்த உப்பின் பதிலைக் கழித்துவிடும். பல்ஸ் இண்டக்ஷன் என்று இன்னொரு வகை உண்டு. அது உப்பையும் தாதுமண்ணையும் சட்டை செய்யாது, ஆழமும் போகும். ஆனால் பெரும்பாலும் இரும்பு எது, வெள்ளி எது என்று சொல்லாது. எல்லாவற்றையும் தோண்ட வேண்டும்.

பழையசெம்பு

கணேசா, எண்ணை நம்பித் தோண்டாமல் விட்டவர்களின் கதை எனக்கு நிறையத் தெரியும். கோலா டின்னின் இழுப்பு வளையத்துக்கும் தங்க மோதிரத்துக்கும் திரையில் ஒரே எண் வரும், ஆயிரம் பவுண்டுக் கருவியானாலும். உண்டா இல்லையா?

ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டெடுத்தவர் 2009-ல் வைத்திருந்தது 14 வருடப் பழைய கருவி. ஆங்கிலோ சாக்சன் தங்கம், நாலாயிரத்துக்கும் மேல் துண்டுகள், மதிப்பு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு. அவர் சரியான வயலில் நின்றார், அவ்வளவுதான்.

காயில்கணேசன்

வளையமும் மோதிரமும் உண்மைதான். கடத்துதிறன் மட்டுமல்ல, அளவும் தடிமனும் வடிவமும் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. அதனால் அலுமினியமும் தங்கமும் ஒரே இடத்தில் உட்காரும்.

கருவி சரியாக இருந்தாலும் சுற்றுப்புறம் கெடுக்கும் என்பதற்கு 1881-லேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். கட்டில் மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பிவிட்டன. குண்டு கிடைக்கவில்லை.

சரி, சமாதானமாகப் போவோம். மைன்லேப் வேன்க்விஷ் வரிசை இருக்கிறது. பல அதிர்வெண்ணும் உண்டு, விலையும் ஈக்வினாக்ஸைவிட நன்றாகக் குறைவு. திருகுவதற்குப் பட்டன்கள் குறைச்சல், புதியவருக்கு அது நல்லதுதான். உடல் பகுதி நீர் புகாததல்ல, காயில் மட்டும் நனையலாம். கையில் பிடித்திருப்பதைக் கடலில் முக்காதீர்கள்.

பழையசெம்பு

வேன்க்விஷ் என்றால் எனக்கும் சம்மதம். கணேசனும் நானும் ஒத்துப்போன தேதியைக் குறித்துவையுங்கள்.

வன்னிமகன்

எனக்குக் காசு, மோதிரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் காயில் ஆட்டுகிற விதம் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஐந்து வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவன். இப்போது லெஸ்டரில்.

யூடியூபில் நீங்கள் பார்க்கிற ஆட்கள் பாதிப்பேர் ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறார்கள். வீச்சின் இரண்டு முனையிலும் காயில் மேலே எழும்பிவிடும். அங்கே ஆழம் போய்விடும். நிலத்தோடு ஒட்டி, மட்டமாக, இடுப்பைத் திருப்பாமல் கையை மட்டும் அசையுங்கள். அடுத்த வீச்சு முந்தியதில் பாதியையாவது மூட வேண்டும். எங்களுக்கு அதை அளந்து பார்க்கவே மேற்பார்வையாளர் பின்னால் நிற்பார்.

உங்கள் கருவியில் இரும்பை ஒதுக்கும் பட்டன் இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்றை நினைக்கவும் ஏலாது. வன்னியில் கூடுதலாகக் கிடந்த பாகிஸ்தான் தயாரிப்பு பி4 மாதிரி மிதிவெடிகள் பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே கொஞ்சூண்டு உலோகம்தான். சத்தம் மெல்லிசாக வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் இருந்து, பக்கவாட்டிலிருந்து மெதுவாக மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். நூறு தரம் பார்த்தால் ஆணி, தகரம், ரவைக்கோது (தோட்டா உறை). சில இடங்களில் உலோகக் குப்பை கூடிப்போய்க் கருவியே பயன்படாது, பாரமான ரேக் வைத்து மண்ணை இழுத்து இழுத்துத்தான் வேலை செய்வோம்.

நீங்கள் பொழுதுபோக்குக்குத் தூக்கும் கருவியின் மூத்த அண்ணனும் மிதிவெடிக்காகப் பிறந்தவன்தான். யோசெப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி, இரண்டாம் உலகப் போரில் ஸ்காட்லாந்தில் இருந்தபோது செய்தது. 1942-ல் எகிப்தில் எல் அலமெய்ன் சண்டையில் அதை வைத்துத்தான் மிதிவெடி வயல்களுக்குள் பாதை எடுத்தார்கள்.

இன்னொன்று. சஃபோக்கில் பழைய விமானத்தளங்கள் நிறைய. தோண்டும்போது வால் சிறகு வைத்த மாதிரி, குழாய் மாதிரி ஏதாவது தென்பட்டால் தொடாதீர்கள், தூக்கிப் படம் எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி, பொலிசைக் கூப்பிடுங்கள். துருப்பிடித்த வெடியை நான் ஒருநாளும் செத்துப்போனது என்று நம்பினதில்லை.

சஃபோக்வாசி

அண்ணே, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ‘பேசாமல் தோட்டம் போடுங்கள்’ என்கிறாள்.

கொங்குப்பையன்

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் ரோமானியக் காசு அள்ள அள்ளக் கிடைத்த மண். கரூர் அமராவதி ஆற்றில் மணல் சலிப்பவர்களுக்கே காசு கிடைத்திருக்கிறது. இதே கருவியை ஆன்லைனில் வாங்கி நானும் இறங்கலாமா? தோட்டம் எங்கள் தாத்தாவுடையது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பழையசெம்பு

தம்பி, இறங்காதே. இங்கிலாந்துச் சட்டத்தையும் நம்ம ஊர்ச் சட்டத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! இன்றைக்கு ஒரு டீ. மறைத்தால் தண்டனை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். தாத்தா தோட்டம் என்பதெல்லாம் இதில் எடுபடாது.

அதைவிட முக்கியம், கொடுமணலில் அகழாய்வு செய்தவர்கள் ஒரு மணியைக்கூட எந்த மண் அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று குறித்துத்தான் எடுத்தார்கள். நீ தோண்டி எடுத்தால் கையில் காசு இருக்கும், கதை போய்விடும்.

வன்னிமகன்

இலங்கையிலும் அப்படியே. 1940 தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி உங்கள் சொந்தக் காணியில் தோண்டவும் உத்தரவுப்பத்திரம் வேண்டும். ‘ஸ்கேனருடன் புதையல் தோண்டியவர்கள் கைது’ என்று பத்திரிகையில் அடிக்கடி வரும்.

கொங்குப்பையன்

புரிந்தது. அப்படியானால் எங்கள் மாமா ஒருவர் இரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய கருவி? கைப்பிடியில் ஆன்டெனா மாதிரி இரண்டு கம்பி. அரை கிலோமீட்டர் தூரத்தில் தங்கம் இருந்தாலும் கம்பி அந்தப் பக்கம் திரும்பும் என்றார்கள்.

காயில்கணேசன்

அதைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. காசு அளவுப் பொருளை ஓர் அடி ஆழத்தில் பிடிப்பதற்கே இங்கே தலைகீழாக நிற்கிறோம். ஏ.டி.இ. 651 என்று இதே போல ஒரு கம்பிக் கருவியை வெடிகுண்டு காட்டும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்றார்கள். அதன் ஆதி வடிவம் கோல்ஃப் பந்து தேடுவதற்கென்று விற்கப்பட்ட ஒரு வேடிக்கைப் பொருள். சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை அனுப்பினார்கள். விற்றவருக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் பத்து வருடச் சிறை கொடுத்தது. உங்கள் மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரையாள்

நடுவில் ஒரு குறிப்பு. லண்டன் பக்கம் வந்தால் ஆற்றங்கரைதானே, பொது இடம்தானே என்று தேம்ஸில் இறங்கிவிடாதீர்கள். அலை வற்றியபோது தெரியும் அந்தக் கரையில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். கருவி இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்துப் பொறுக்குவதற்கும்தான். நான் கருவியே வைத்துக்கொள்வதில்லை. ஆணியும் போல்ட்டும் அவ்வளவு கிடக்கிறது, ஹெட்ஃபோனில் ஓயாத உறுமல்தான் கேட்கும். குண்டூசிகளும் களிமண் புகைக்குழாய்த் துண்டுகளும் எனக்குப் போதும்.

சஃபோக்வாசி

ஒரு சந்தேகம். நிஜமாகவே ஏதாவது கிடைத்துவிட்டால் என்ன செய்வது? ‘ட்ரெஷர்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

பழையசெம்பு

1996 சட்டம். 300 வருடத்துக்கு மேற்பட்ட பொருள், அதில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ இருந்தால் ட்ரெஷர். காசு என்றால் ஒற்றைக் காசு பொதுவாகச் சேராது. அதே வயதுள்ள தங்க, வெள்ளிக் காசு இரண்டாவது சேர்ந்து கிடைக்க வேண்டும். செம்பு, வெண்கலம் என்றால் பத்து. 2023-ல் இன்னொரு வகையும் சேர்த்தார்கள்: 200 வருடத்துக்கு மேற்பட்டு, அசாதாரண முக்கியத்துவம் உள்ளது என்றால் எந்த உலோகமானாலும் சேரும். இவற்றில் எது கிடைத்தாலும் 14 நாளுக்குள் அந்த வட்டாரக் கொரோனருக்கு, அதாவது சந்தேக மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் உங்கள் கவுண்டியின் ஃபைண்ட்ஸ் லையசன் அதிகாரியிடம் (கண்டெடுத்த பழம்பொருட்களைப் பதிபவர்) போனால் அவரே வழிகாட்டுவார். அருங்காட்சியகம் வாங்கினால் மதிப்பு போட்டுப் பணம் வரும், நிலக்காரருக்கும் உங்களுக்கும். ட்ரெஷர் அல்லாத பழம்பொருளையும் அவரிடம் காட்டிப் பதிந்துவையுங்கள். ஸ்காட்லாந்துக்குப் போனால் சட்டம் முற்றிலும் வேறு, அங்கே இதைச் சொல்லாதீர்கள்.

உங்கள் சஃபோக்கிலேயே பாடம் இருக்கிறது. 1992 நவம்பரில் ஹாக்ஸன் கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டு, டிடெக்டர் வைத்திருந்த நண்பரைத் தேடச் சொன்னார். கிடைத்தது ரோமானியப் புதையல், சுமார் 15,000 காசுகள், வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள். அந்த நண்பர் செய்த பெரிய காரியம், கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னதுதான். அதனால்தான் பொருட்கள் பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது. பதினேழரை லட்சம் பவுண்டு கிடைத்தது, அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் 2015, லெம்ஸ்டர் அருகே. இரண்டு பேர் வைக்கிங் காலப் புதையலை எடுத்து, யாருக்கும் சொல்லாமல் விற்றார்கள். சுமார் 300 காசு இருந்திருக்கும் என்கிறார்கள், மீட்டது முப்பதைச் சுற்றி. அன்றைய இங்கிலாந்தில் அடுத்தடுத்த அரசுகளை ஆண்ட வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரெடும் மெர்சியாவின் இரண்டாம் செயோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததைக் காட்டும் காசுகள் அவை. மீதிக் காசுகள் இன்னும் என்ன சொல்லியிருக்குமோ. 2019-ல் ஒருவருக்குப் பத்து வருடம், இன்னொருவருக்கு எட்டரை. மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது என்றாலும், கையெழுத்தும் ஒரு போன் காலும் போட்டிருந்தால் பணமே வந்திருக்கும்.

சஃபோக்வாசி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். வேன்க்விஷ் வாங்கினேன், பின்பாயிண்டரும் மண்வெட்டியும் வாங்கினேன், கொஞ்சம் மிச்சம். நாலு பண்ணையில் கேட்டேன். மூன்றில் முடியாது, மரியாதையாகத்தான் சொன்னார்கள். நாலாவது பாட்டி, ‘எங்கள் வயலில் உருளைக்கிழங்கு தவிர ஒன்றும் கிடைக்காது’ என்று சிரித்துவிட்டுச் சரி சொன்னார்.

கோதுமை அறுத்த கட்டையில் ஆறு மணி நேரம் நடந்தேன். கணக்கு: அலுமினியத் துண்டு 31, தோட்டா உறை 9, ஈயக் குண்டு 1, பட்டன் 4, பொம்மைக் காரின் பாதி, என்னவென்றே தெரியாத இரும்பு ஒரு வாளி. கடைசியாக ஒரு சிக்ஸ்பென்ஸ் காசு, 1943. கையும் தோளும் கழன்று போச்சு. ஆனால் அந்தக் காசு மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தபோது சத்தம் போட்டேன், தூரத்தில் நாய் குரைத்தது.

ஏன் இவ்வளவு அலுமினியம்? நொறுங்கிய துகள் மாதிரி எங்கும் இறைந்து கிடக்கிறது.

காயில்கணேசன்

க்ரீன் வேஸ்ட். தோட்டக்கழிவில் செய்த உரத்தை வயலில் கொட்டியிருப்பார்கள். மக்கள் குப்பையோடு போட்ட டின்னும் சேர்ந்து அரைபட்டு வந்துவிடும். டிடெக்டரிஸ்ட்களுக்கு அதைவிடச் சாபம் கிடையாது. பாட்டியிடம் கேளுங்கள், எந்த வயலில் கொட்டவில்லை என்று. அதில் நடங்கள்.

பழையசெம்பு

1943 சிக்ஸ்பென்ஸில் பாதிதான் வெள்ளி. 1920-லேயே காசில் வெள்ளியின் அளவைக் குறைத்துவிட்டார்கள். இருந்தாலும் முதல் வெள்ளிக்கு வாழ்த்து. அந்த ஈயக் குண்டு உருண்டையாக, ஓரத்தில் வார்ப்புத் தழும்போடு இருந்தால் மஸ்கெட் என்ற பழைய துப்பாக்கியின் குண்டாக இருக்கும். படம் போடுங்கள்.

முக்கியமாக, எதையும் தேய்க்காதீர்கள். சாதாரணத் தண்ணீரில் அலசி ஈரம் ஒற்றினால் போதும். புளி, எலுமிச்சை, பற்பசை, சோடா உப்பு எதுவும் வேண்டாம். நானே முதல் வருடம் ஒரு ரோமானியச் செப்புக் காசைப் புளியில் ஊறப்போட்டேன். பச்சைக் களிம்போடு சக்கரவர்த்தியின் முகமும் போய்விட்டது. வெறும் செம்புத் தகடுதான் மிச்சம். என் பெயர்க் காரணம் அதுதான்.

சஃபோக்வாசி

தாமதமாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணே. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். காசை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் குத்துவிளக்குத் துலக்குவது மாதிரி விபூதி போட்டுத் துலக்கி, பளபளவென்று சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். ஆறாம் ஜார்ஜ் முகத்துக்கு நடுவில் குங்குமப் பொட்டு.

பழையசெம்பு

1943-தானே, விடுங்கள். பொட்டை மட்டும் அழிக்காதீர்கள். அடுத்த முறை எதுவானாலும் டப்பாவில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஈயக் குண்டுப் படம் இன்னும் வரவில்லை.